துரை நேர்ந்துகொண்ட மண்ணெண்ணெய்

என் கழுத்தில் கிடந்த சாவியைச் சுபேதார் கழற்றிய அந்தக் காலைப்பொழுது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. கூடாரத் துணியிலிருந்து ஈர வாடை ஏறிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து டாக்டர் துரை. இந்தப் பக்கம் நான். எனக்குப் பக்கத்தில், மடித்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காதர் ராவுத்தர்.

"கையை நீட்டு" என்றார் துரை.

நீட்டினேன். குனிந்து மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடை.

தினமும் சாயங்காலம் குட்டை குட்டையாக மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன் கையில் பின்னே சந்தன வாடையா வரும்? இதைச் சொல்லியிருக்கலாம்.  பட்டாளத்தில் குற்றவாளியாக நிற்கிறவனுக்கு முதலில் ஒட்டிக்கொள்வது நாக்குத்தான்.

ராவுத்தருக்கு ராஜபாளையத்தில் மளிகைக் கடை. எங்கள் முகாமுக்கு மண்ணெண்ணெய் சப்ளை செய்தவரும் அவரே. நல்ல மனிதர். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு இன்னும் பாதகமாகப் போயிற்று.

"நான் யாரு மேலயும் பழி போடலைங்க. பட்டாளம் வந்ததுலேர்ந்து என் கடையில மண்ணெண்ணெய் கேட்டு ஒரு ஆளு வரலை. ஆனா பொழுது சாஞ்சா மேலத்தெருவுல வீட்டுக்கு வீடு வெளக்கு எரியுது. எண்ணெய் என்ன, வானத்துலேர்ந்தா சொட்டுது?"

எண்ணெய்க் கிடங்கின் சாவி என்னிடம். மேலத்தெருவில் இருப்பது என் மாமியார் வீடு. இதற்கு மேல் யாருக்குச் சாட்சி வேண்டும்?

துரை ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "திங்கட்கிழமை கர்னல் வருகிறார். அவர் கையில் என் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். எண்ணெய் எங்கே போகிறது என்று அதற்குள் நீ சொல்ல வேண்டும். இல்லையென்றால் திருட்டு என்று எழுதி, உன் பெயரையும் எழுதுவேன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

புழுத் துரை

போன வாரம் என் கதையில் மருந்து வாடை அதிகம் என்று இந்தப் பத்திரிகைக்கு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இந்த வாரம் மண்ணெண்ணெய் வாடை. மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

இந்த நூற்றாண்டு பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த சமயம் அது. நான் ஒரு காலாட்படையில் ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட். படையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

துப்பாக்கி சுடப் பழகுவதற்காகப் பட்டாளம் ஐப்பசி மாதம் ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில் கூடாரம் போடும். முந்தின வருஷம் அங்கே வந்த சிப்பாய்கள் பாதிப் பேர் சுட்டதைவிட நடுங்கியதுதான் அதிகம். குளிர்காய்ச்சல். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்து, கட்டிலே உதறும். மாட்டு வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்தக் காய்ச்சலை எனக்கு முன்பே தெரியும். என் அண்ணன் கூமாப்பட்டிக்கு அறுப்பு வேலைக்குப் போய், மலைக்காற்று அடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்தான். கயிறு மந்திரித்துக் கட்டினோம். பத்தியம் வைத்தோம். அறுத்த நெல் வீடு வந்து சேருமுன் போய்விட்டான். மலைக்காற்றின்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதே அதனால்தான்.

சிப்பாய்கள் நடுங்கியதற்கு மறுவருஷம்தான் புது டாக்டர் துரை வந்தார். ஒல்லியான ஆள். சிவந்த கழுத்து. அந்தக் கழுத்தில் மிளகு போல ஒரு மரு. அவர் சொன்ன சேதியைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. காய்ச்சலைக் கொண்டுவருவது காற்றில்லையாம், தண்ணீரில்லையாம், கொசுவாம். பட்டாள வைத்தியத்தில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

ஒரு கரண்டியும் வெள்ளைப் பீங்கான் தட்டுமாக அவர் குட்டை குட்டையாகக் குந்தினார். தண்ணீரை மோந்து தட்டில் ஊற்றி, நாளைக்குக் கொசுவாகப் போகிற கூத்தாடிப் புழு நெளிவதைப் பார்ப்பார். பார்த்ததும், பெண் பார்க்க வந்தவர்போல முகம் மலரும். மோதிரத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று முதலில் ஊரே இரக்கப்பட்டது. பிறகு விஷயம் தெரிந்து, புழுத் துரை என்று பெயர் வைத்தார்கள்.

கர்னலுக்கு இந்தக் கொசு வித்தையில் நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு வருஷம் செய்து காட்டு என்று விட்டிருந்தார். 

கொயினா வரிசை

விடியற்காலையில் கொயினா, காய்ச்சல் வராமலிருக்க மருந்து. சிப்பாய்கள் வரிசையாக வந்து என் முன்னால் குடிக்க வேண்டும். வேப்பங்காயைத் தேன் என்று சொல்லவைக்கும் கசப்பு. கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு போய், கூடாரத்துக்குப் பின்னால் துப்பினார்கள். அந்த இடத்துப் புல்லுக்கு மட்டும் அந்த வருஷம் காய்ச்சல் வந்திருக்காது.

துரை ஒரு வழி கண்டுபிடித்தார். குடித்ததும் தன் பெயரையும், அப்பன் பெயரையும், ஊர்ப் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் மருந்து இருக்கிறவன் எப்படிச் சொல்லுவான்? இதனால் தினமும் ஒன்றரை மணி நேரம் அந்தப் பட்டாளத்தின் வம்சாவளி முழுவதையும் நான் கேட்க வேண்டியிருந்தது.

கொசுவலையும் கொடுத்தார். இரண்டே நாளில் ஒரு கூடாரத்திலிருந்து கெண்டை மீன் குழம்பு மணந்தது. வலை கண்மாயில் இருந்தது.

காலை முழுக்கக் கொயினா வரிசையில் நான் நின்றதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குட்டைப் பக்கம் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

என் வாய்க்கொழுப்பு

ஓடைக்கரையில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள் நிறைய உண்டு. மழையில் எல்லாம் நிரம்பிவிட்டன. சாயங்காலம் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றினால், அது மேலே ஆடையாகப் பரவிப் புழுவை மூச்சுவிடாமல் அடிக்கும் என்றார் துரை. நான் ஊற்றினேன்.

முதல் நாளே புல்லறுக்க வந்த ஒரு பெண் கேட்டாள். "ஏன்யா, எரிக்கிற எண்ணெயப் போயி தண்ணியில கொட்டுதிய?"

கொசு, புழு, காய்ச்சல் என்று ஆரம்பித்தால் இருட்டிவிடும். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. விளையாட்டாகச் சொன்னேன்: "துரைக்கு ஒரு நேர்த்திக்கடன். அதான்."

"என்ன நேர்த்தி?"

"பெரிய எடத்துச் சமாச்சாரம். எனக்கென்ன தெரியும்?"

அவ்வளவுதான் நான் சொன்னது. சத்தியமாக அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் போனால் தண்ணீர்மேல் எண்ணெயைக் காணோம். வெயிலில் ஆவியாகிறது என்று துரை குறித்துக்கொண்டார். இன்னும் ஊற்றச் சொன்னார். அதுவும் போயிற்று. ஆனால் ஒரு அதிசயம்: குழிகளின் ஓரத்தில் மண்டிக்கிடந்த கோரையும் பாசியும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. கோரையைப் பிடுங்கக் கூலியாள் கேட்டுத் துரை அலைந்தும் ஒருவரும் வந்திருக்கவில்லை.

"நீயா செய்தாய்?" என்று துரை என் தோளைத் தட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. தட்டுகிற கையைத் தள்ளிவிட நான் என்ன மடையனா?

ஒரு சிப்பாய்க்கும் குளிர்காய்ச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. துரை சீட்டியடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ராவுத்தர் குடையோடு வந்தார்.

ஐப்பசியில் கார்த்திகை

சாவி போனவனுக்கு முகாமில் என்ன வேலை? சனிக்கிழமை சாயங்காலம் அனுமதி கேட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனேன். மழையும் வேலையுமாக அந்தப் பக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது. திருக்கார்த்திகைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு விளக்கு, உள்ளே ஒரு விளக்கு. மாட்டுத் தொழுவத்தில்கூட ஒன்று எரிந்தது. மாடு கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

நான் பட்டாளத்தோடு அலைகிறபோது அம்மா வீட்டிலேயே இருக்கிற என் மனைவி சண்முகத்தாய் சிக்கனத்துக்குப் பெயர்போனவள். சோறு வாய்க்குப் போகிற வழி தெரிந்ததும் விளக்கை அணைத்துவிடுவாள். அவள் வீட்டில் அன்று நாலு விளக்கு. திரியில் ஈரம் பட்டுப் படபடவென்று பொரிந்தது. குட்டை வாடை வீடு முழுக்க.

"இது ஏது எண்ணெய்?" என்றேன். 

"துரை நேர்த்திக்கு விட்டதுதான்" என்றாள், உப்பு ஏது என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி. "நீங்கதான சொன்னியளாம்?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மரு விழ வேண்டுமென்றால் கோவில் தெப்பக்குளத்தில் வெல்லம் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரைந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன வயசில் நானே போட்டிருக்கிறேன். சாமிக்கு விட்டபின் அது ஊருக்குப் பொது. ஆனால் வெல்லத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாது, கரைந்துபோகும். துரை விட்டது கரையவில்லை, மிதந்தது. மிதக்கிறதை விட்டுவைக்கிற ஊரா எங்கள் ஊர்?

சண்முகத்தாய் எடுக்கிற விதத்தையும் சொன்னாள். கிழிந்த சேலைத்துணியை முதலில் எண்ணெயில் நனைத்துவிட வேண்டும். அப்புறம் தண்ணீர்மேல் விரித்தால் எண்ணெயைத்தான் அதிகம் குடிக்கும். செப்புப் பானையில் பிழிந்து, செத்த நேரம் தெளியவிட்டு, மேலோட்டமாக வடித்துக்கொள்ளலாம். தெருப் பெண்கள் எல்லோரும் விடியற்காலையில் முறைவைத்துக்கொண்டு போனார்கள். இந்த உபாயம் முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்டேன். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாவி போன கதையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நான் தப்பிப்பேன். சர்க்கார் சொத்தை எடுத்ததாக அவளையும் தெருப் பெண்களையும் போலீஸ் கச்சேரிக்கு இழுப்பார்கள். சொல்லாவிட்டால் என் சட்டையைக் கழற்றி ஜெயிலுக்கு அனுப்புவார்கள். "ஒண்ணும் சொல்லப் போறதில்ல. திங்கக்கெழமை நடக்குறது நடக்கட்டும்" என்றேன். உள்ளுக்குள் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். எழுதவும் வெட்கமாயிருக்கிறது, உண்மை அதுதான்.

அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக ஊதினாள். ஒன்றை மட்டும் விட்டாள்.

"திருடன் பொண்டாட்டின்னு பேரெடுக்கவா நான் வாக்கப்பட்டேன்? காலையில நான் வாரேன். நானே துரைகிட்டச் சொல்லுதேன்."

நானே மொழிபெயர்த்தது

ஞாயிற்றுக்கிழமை காலை. செப்புப் பானையும் துணியுமாகச் சண்முகத்தாய் துரையின் மேஜை முன்னால் நின்றாள். ராவுத்தரையும் சுபேதார் வரவழைத்திருந்தார். துரைக்குத் தமிழில் வா, போ, தண்ணி தவிர ஒன்றும் தெரியாது. மொழிபெயர்க்க முகாமில் இருந்த ஒரே ஆள் நான்.

"எண்ணெய எடுத்தது நான். எங்க தெருவே எடுத்துச்சு. திருடலை. நேர்த்திக்கு விட்டதத்தான் எடுத்தோம். நேர்த்தின்னு சொன்னது யாருன்னா, இந்தா நிக்கிறாகளே, இவியதான்."

எடுத்தோம் என்பதுவரை இங்கிலீஷில் சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

ராவுத்தர் கனைத்தார். "மிச்சத்தையும் சொல்லுங்க தம்பி. இல்லாட்டி நான் சுபேதாருக்கு இந்துஸ்தானியில சொல்லுவேன்."

சொன்னேன். என் குற்றத்தை என் வாயாலேயே, இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

துரையின் கழுத்து இன்னும் சிவந்தது. "நான் எதற்காக நேர்ந்துகொண்டேனாம்?"

சண்முகத்தாய் தயங்கினாள். அவர் கழுத்தைப் பார்த்தாள். "மருவுக்குன்னு பேசிக்கிட்டாக. நம்ம மரு வெல்லத்துக்குக் கரையும். வெள்ளைக்காரவுக மரு எண்ணெய்க்குத்தான் கரையுமாம்."

அதையும் மொழிபெயர்த்தேன். சுபேதார் கூடாரத்தை விட்டு அவசரமாக வெளியே போனார். அவர் தோள் குலுங்கியது.

துரை மருவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார். "எப்படி எடுத்தீர்கள்? எனக்குக் காட்டச் சொல்."

குழிக்கரைக்குப் போனோம். அன்றைய முறைக்காரப் பெண்கள் பத்துப்பேர் அங்கே குனிந்து வேலையாக இருந்தார்கள். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. தப்பு செய்கிறோம் என்று நினைத்தால்தானே ஓடுவார்கள்?

சண்முகத்தாய் துணியை விரித்து, எடுத்து, பிழிந்து காட்டினாள். மேலே எண்ணெயை வடித்தாள். அடியில் தங்கிய கலங்கல் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டப் போனாள்.

"நில்" என்று துரை தட்டை நீட்டினார்.

வெள்ளைத் தட்டு கருத்துப்போயிற்று. அவ்வளவும் கூத்தாடிப் புழு. செத்தது பாதி, குற்றுயிராய் நெளிந்தது பாதி. நடுவே மிளகுப்பொடி மாதிரி கொசு முட்டை. இராத்திரி முழுக்க எண்ணெய் கொன்றதுபோக மிச்சத்தைச் சேலைத்துணி வாரியிருந்தது.

"தினமுமா?" என்றார் துரை.

"மழை பெஞ்சாலும் வருவோம்."

"கோரையைப் பிடுங்கியது யார்?"

"நாங்கதான். கோரையில எண்ணெய் ஒட்டி வீணாப்போகுதுல்ல."

இதையும் நானேதான் மொழிபெயர்த்தேன். தோளைத் தட்டி வாங்கிய பாராட்டு அந்த இடத்தில் அவிழ்ந்து விழுந்தது. துரை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

கரை காலியானது

"திருட்டு இல்லை" என்றார் துரை. எனக்கு மூச்சு வந்தது. "ஆனால் பொய் இருக்கிறது. என் பெயரைச் சொல்லி ஊரிடம் பொய் சொன்னவனை நான் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது. இப்போதே இவர்களிடம் உண்மையைச் சொல். இவர்கள் அதை ஒத்துக்கொண்டால் உன் பெயரை எழுத மாட்டேன்."

சொன்னேன். உயிரைக் கொடுத்துச் சொன்னேன். புழு கொசுவாவதைச் சொன்னேன். கொசு ஒரு ஆளைக் கடித்துவிட்டு அடுத்த ஆளுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோவதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார லட்சுமக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தோமயா, கொசுவா? அது கடிச்சா அரிக்கும். காய்ச்சலா வரும்? அந்த மருக் கதையாவது நம்புறாப்புல இருந்துச்சு."

இன்னொருத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அப்ப இது சாமிக்கு விட்ட எண்ணெய் இல்லையா?"

"இல்லை. சர்க்கார் எண்ணெய்."

அந்த ஒரு சொல்தான். பானைகள் குழியில் கவிழ்ந்தன. துணிகள் கரையில் விழுந்தன. "சர்க்கார் சொத்து நமக்கு எதுக்குடி? வாங்கடி போவோம்." பத்துப்பேரும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். இத்தனை நாள் கூலியில்லாமல் நடந்த வேலை, நான் சொன்ன ஒரே ஒரு உண்மையில் நின்றுபோயிற்று.

கரையில் துரையும், நானும், சண்முகத்தாயும். பாதி பிடுங்கிய கோரை காற்றில் ஆடியது.

"நேர்த்தின்னே விட்டிருக்கலாம்ல" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "கொசுவுக்காக எவ வருவா?"

துரை என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்தார்.  கர்னல் நாளைக்கு வருகிறார். கொசு வித்தை ஜெயித்ததில் பாதி இப்போதுதான் தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியுமா?"

"முதலில் சொன்னதைச் சொன்னால் வருவார்கள் சார். ஆனால் அது பொய்."

"என் மருவை விட்டுவிடு. நான் எதற்காக நேர்ந்துகொண்டேன் என்று கேட்டால் இனி என்ன சொல்லுவீர்கள்?"

 சண்முகத்தாயிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"இந்த வருசம் ஒரு உசுரும் குளிர்காய்ச்சல்ல போகக்கூடாது. பட்டாளத்துலயும் போகக்கூடாது, ஊருலயும் போகக்கூடாது. அதுக்குத்தான் துரை நேர்ந்துக்கிட்டாருன்னு சொல்லுதேன்."

வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். கடைசி வார்த்தைக்கு வரும்போது அண்ணனுக்கு மந்திரித்துக் கட்டிய கயிறு ஞாபகம் வந்தது. துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது பொய் இல்லையே" என்றார்.

சண்முகத்தாய் அதற்குள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனவர்களைக் கூப்பிட்டபடி பாதி வழி போயிருந்தாள்.